கார்டை நீட்டும் முன்

கேள்வி: குதிரைவாலியும் வரகும் பாக்கெட் போட்டு விற்கிறேன். மதுரையில் நடக்கும் தொழில் சந்திப்புக்கு முதன்முறையாகப் போகிறேன். கோட் போட வேண்டுமா? என்ன பேசுவது?
- வாசகர், காரியாபட்டி

பதில்: கோட்டா, மதுரை வெயிலிலா? இஸ்திரி போட்ட சட்டை போதும்.

'சிறுதானிய வியாபாரம்' என்றால் யார் மனதிலும் நிற்காது. "எங்கள் ஊர்க் குதிரைவாலியை உமி நீக்கி, கல் பொறுக்கி, அரைக் கிலோ பாக்கெட்டாகத் தருகிறேன். மெஸ் நடத்துபவர்களைத் தேடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அரை நிமிடம்தான் ஆகும். கையில் ஒரு பாக்கெட்டும் இருக்கட்டும். கடைக்காரர் அதை வாங்கியதும் திருப்பி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைத்தான் தேடுவார்.

நான் போன முதல் கூட்டத்தில் ஐம்பது கார்டு கொடுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை. இப்போதெல்லாம் நான்கு பேரிடம் உட்கார்ந்து பேசுகிறேன். அவர்கள் கார்டின் பின்புறம், பேசியதை இரண்டு சொல்லில் குறித்துக்கொள்கிறேன்.

அடுத்து எங்கே சேரலாம் என்றால், மதுரையில் 1924-இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் இருக்கிறது. சிறுதொழிலுக்கு மடீட்சியா என்ற சங்கம் இருக்கிறது. 1985-இல் அமெரிக்காவில் பிறந்த பி.என்.ஐ. மாதிரி, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் பரிந்துரைக்கும் குழு என்றால், ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள். உங்கள் இடம் காலியா என்று முன்பே கேளுங்கள். சந்தாவை அன்றே கட்டாதீர்கள். ஊருக்குத் திரும்பி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.