மலைச் சைக்கிளின் சட்டத்தை உடலளவுக்கேற்பக் கணித்தல்

சைக்கிள் கடையில் வண்டியின் அளவு யாதெனக் கேட்டால், 20 அங்குலம், 22 அங்குலம், 24 அங்குலம் என்று விடை வரும். இவ்வெண் பிரேம் எனப்படும் சட்டத்தில் ஸீட் குழாயின் நீளத்தைக் குறிப்பதாகும். சாதாரணச் சாலை வண்டியில் மேற்குழாய், அதாவது வழக்கில் ‘பார்’ எனப்படுவது, தரைக்கு ஏறத்தாழ இணையாக அமைந்துள்ளது. ஆகவே இந்த ஓரளவைக் கொண்டே வண்டி நமக்குப் பொருந்துமா என்பதை ஒருவாறு அறியலாம். மலைப்பாதைக்கென அமைந்த சைக்கிளில் மேற்குழாய் பின்னோக்கிச் சரிந்திருக்கும். ஸீட் குழாய் குட்டையாயிருக்கும். அதன் அளவை வேறு வகையில் கணித்தல் வேண்டும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

மலைச் சைக்கிள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் மாவட்டத்துக் குன்றுகளில் தோன்றியது. 1970களில் அங்கு இளைஞர் சிலர் பருத்த டயர்களையுடைய பழைய வண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதைகளில் ஓட்டி வந்தனர். 1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்பவர் இவ்வகை ஓட்டத்துக்கென்றே புதிய சட்டம் ஒன்றைக் கட்டினார். சரிவில் இறங்கும்போது ஓட்டுநர் இருக்கையில் அமர்வதில்லை. இரு மிதிகளின் மீதும் நின்று, முழங்காலையும் முழங்கையையும் சற்றே மடக்கி வண்டியைச் செலுத்துகிறார். மலைச் சைக்கிளின் அளவு சாலை வண்டியின் அளவினின்று வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

மாற்றக்கூடியவையும் மாற்றவியலாதவையும்

இருக்கையை ஏற்றலாம், இறக்கலாம், முன்பின்னாக நகர்த்தலாம். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றலாம். ஆனால் குழாய்களைப் பற்றவைத்து முடித்தபின், மிதி அச்சுக்கும் முன்குழாயின் மேல்முனைக்கும் உள்ள இடைவெளியை மாற்ற இயலாது. பி.பி. ஆக்ஸில் என்று பழுதுபார்ப்போர் கூறுவதையே இங்கு மிதி அச்சு என்கிறோம். உடலளவுக்கெனச் சட்டம் செய்விப்போர் முதலில் நிச்சயிக்க வேண்டியது இந்த இடைவெளியே.

இதனை இரண்டு அளவுகளாற் குறிப்பர். மிதி அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு செங்குத்துக் கோடு வரைக. அக்கோட்டிலிருந்து முன்குழாயின் மேல்முனை மையம் வரையுள்ள கிடைமட்டத் தூரம் முன்நீட்டம். மிதி அச்சிலிருந்து அதே முனைவரையுள்ள செங்குத்துத் தூரம் மேலுயரம். சட்டம் கட்டுவோர் இவற்றை முறையே ‘ரீச்’, ‘ஸ்டாக்’ என்பர். நின்றவாறு ஓட்டும் ஒருவருக்கு வண்டி பொருந்துவது இவ்விரண்டையுமே பெரிதும் பொறுத்தது.

காலின் அளவு

வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே வைத்து, இருக்கை அழுத்துவது போன்று மேல்நோக்கி அழுத்துக. புத்தகம் மட்டமாயிருப்பதை ரசமட்டத்தால் உறுதி செய்துகொண்டு, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் குறியிடுக. தரையிலிருந்து அக்குறி வரையுள்ள உயரமே உட்கால் அளவு. இதனை மும்முறை எடுத்துச் சராசரி காண்பது நன்று.

உட்கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால், மிதி அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்புறம் வரையுள்ள உயரம் தோராயமாகக் கிடைக்கும். உதாரணமாக, 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் உட்கால் அளவு 76 செ.மீ. எனக் கொள்வோம். அவருக்கு இருக்கை உயரம் 67.1 செ.மீ. ஆகும். இவ்விதி பந்தயச் சாலை வண்டிகளுக்கென வகுக்கப்பட்டது. ஆதலின் இதனைத் தொடக்க அளவாகவே கொள்ளல் வேண்டும். முன்பாதத்தை மிதியில் வைத்து, மிதி அடியில் வரும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் உயரம் சரியெனலாம். இருக்கை மிகத் தாழ்ந்திருப்பின் முழங்காலின் முன்புறத்திலும், மிக உயர்ந்திருப்பின் பின்புறத்திலும் பெரும்பாலும் வலி தோன்றும்.

வண்டியின் குறுக்கே நிற்கும்போது மேற்குழாய்க்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். மேற்கூறியவருக்கு, நிற்குமிடத்தில் மேற்குழாயின் உயரம் 71 செ.மீ. அளவை மீறலாகாது. மேடுபள்ளத்தில் திடீரெனக் காலூன்ற நேரும்போது இவ்விடைவெளியே காயத்தைத் தடுக்கும்.

பொருந்திய வண்டியிலிருந்து அளவெடுத்தல்

முன்நீட்டத்தை உடலளவிலிருந்து மட்டும் துல்லியமாகக் கூறவல்ல சூத்திரம் இல்லை. ஒரே உயரமுள்ள இருவருள் ஒருவருக்குக் கால் நீண்டும், மற்றவருக்கு உடலும் கையும் நீண்டும் இருத்தல் கூடும். ஓரளவு பொருந்திய பழைய வண்டி ஒன்றை அளந்து, வேண்டிய திருத்தங்களைச் செய்வதே நம்பத்தக்க வழி.

சமதளத்தில் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்துக. சுவரிலிருந்து மிதி அச்சின் மையம் 755 மி.மீ. தொலைவிலும், முன்குழாயின் மேல்முனை 1,145 மி.மீ. தொலைவிலும் உள்ளனவெனின், முன்நீட்டம் 390 மி.மீ. தரையிலிருந்து மிதி அச்சு 300 மி.மீ. உயரத்திலும், முன்குழாயின் மேல்முனை 880 மி.மீ. உயரத்திலும் உள்ளனவெனின், மேலுயரம் 580 மி.மீ. தூரத்தை அளக்கத் தூக்குக்குண்டும், உயரத்தை அளக்க ரசமட்டமும் துணை புரியும்.

இனித் திருத்தங்களைப் பார்ப்போம். பழைய வண்டியில் 80 மி.மீ. ஸ்டெம் இருந்தது, முன்சக்கரத்தை எளிதில் அடக்கியாள்வதற்காகப் புதிய வண்டியில் 50 மி.மீ. ஸ்டெம் வேண்டும் என்போம். கைப்பிடி முன்னிருந்த இடத்திலேயே நிற்க வேண்டுமாயின் முன்நீட்டத்தை 30 மி.மீ. கூட்டுதல் வேண்டும். பழைய வண்டியில் ஸ்டெம்மின் அடியில் 20 மி.மீ. வளையங்கள் இருந்தன, அவற்றை நீக்கி, முன்குழாயையே அவ்வளவு நீட்டிவிடலாம். ஆனால் முன்குழாய் 70 பாகை சாய்ந்திருப்பதால், 20 மி.மீ. நீட்டும்போது அதன் முனை 19 மி.மீ. மேலேறி 7 மி.மீ. பின்னே செல்கிறது. ஆகவே புதிய சட்டத்தின் முன்நீட்டம் 390 + 30 − 7 = 413 மி.மீ.; மேலுயரம் 580 + 19 = 599 மி.மீ.

மேற்குழாயின் நீளத்தை மட்டும் கூறுவதால் வரும் பிழை

செய்விப்போர் பலர் மேற்குழாயின் கிடைமட்ட நீளத்தை மட்டும் எழுதியனுப்புவர். இதில் ஒரு பிழை மறைந்துள்ளது. அந்நீளம் முன்நீட்டத்தை மட்டுமன்றி ஸீட் குழாயின் சாய்வையும் பொறுத்தது. சாய்வு 74 பாகையெனின், 599 மி.மீ. மேலுயரத்தில் ஸீட் குழாயின் கோடு மிதி அச்சுக்கு 172 மி.மீ. பின்னே நிற்கும்; மேற்குழாய் 413 + 172 = 585 மி.மீ. சாய்வு 76 பாகையெனின் பின்னடைவு 149 மி.மீ.; மேற்குழாய் 562 மி.மீ.

‘585 மி.மீ. மேற்குழாய்’ என்று மட்டும் எழுதி, கட்டுபவர் 76 பாகைச் சாய்வில் அமைத்துவிட்டால் முன்நீட்டம் 436 மி.மீ. ஆகிவிடும். ஓட்டுநர் 23 மி.மீ. அதிகமாக முன்னே எட்ட நேரிடும். இருக்கையை முன்பின் நகர்த்துவதால் இக்குறை தீராது. ஏனெனில் இறக்கத்தில் அவர் இருக்கையில் அமர்ந்திருப்பதில்லை. ஸ்டெம்மை மேலும் குட்டையாக்கினால் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் 50 மி.மீ. ஸ்டெம்மில் குறைப்பதற்கு மிகுதியான இடமில்லை.

போர்க்கும் சக்கரமும்

முன்போர்க்கில் அதிர்ச்சிதாங்கி இருப்பின், ஓட்டுநர் ஏறியவுடன் அது சற்றே அமிழும். 120 மி.மீ. அசைவுள்ள போர்க் அதில் கால் பங்கு, அதாவது 30 மி.மீ. அமிழுமாயின், பின்புறத் தாங்கி இல்லாத வண்டியின் சட்டம் முழுவதும் 1 பாகைக்கு மேல் முன்னோக்கிச் சாயும். அப்போது முன்நீட்டம் கூடும். மேலுயரமும் மிதி அச்சின் உயரமும் குறையும். ஆதலின் கொடுக்கும் பாகைகள் அமிழ்வதற்கு முன்னதா, பின்னதா என்பதை எழுத்தில் தெளிவாக்குதல் அவசியம்.

சக்கரத்தையும் முதலிலேயே நிச்சயிக்க வேண்டும். டயர் பொருந்துமிடத்து ரிம்மின் விட்டம் 26 அங்குலச் சக்கரத்தில் 559 மி.மீ., 27.5 அங்குலச் சக்கரத்தில் 584 மி.மீ., 29 அங்குலச் சக்கரத்தில் 622 மி.மீ. சக்கரம் பெரிதானால், மிதி அச்சைச் சக்கர அச்சுக்குக் கீழே அதிகமாக இறக்கி வைக்க வேண்டியிருக்கும். இல்லையெனில் வண்டி உயர்ந்து நிலைதளரும். மிதமிஞ்சி இறக்கினாலோ மிதி கற்களில் இடிக்கும்.

வகுப்பில் செய்துபார்த்தல்

ஆசிரியர்கள் இதனை ஆயத்தொலை வடிவக் கணிதத்துக்கு நல்ல செய்முறையாகக் கொள்ளலாம். மிதி அச்சை ஆதிப்புள்ளியாக வைத்து, முன்குழாயின் முனை, இருக்கை, இரு சக்கர அச்சுகள் ஆகியவற்றின் தொலைவுகளை மாணவர் அளந்து வரைபடத்தாளில் குறிக்கட்டும். பின்னர் ஸீட் குழாயின் சாய்வை 2 பாகை மாற்றி மீண்டும் வரையச் செய்தால், மேற்குழாய் நீண்டு குறுகும் விதத்தைத் தாமே காண்பர். டேன்ஜென்ட் என்பது அட்டவணையிலுள்ள எண் மட்டுமன்று என்பதும் விளங்கும்.

மலைப்பகுதிகளில் பணிக்கெனச் சைக்கிள் செய்விப்போர் கீழ்க்கண்டவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுப்பாராக: உட்கால் அளவு, இருக்கை உயரம், முன்நீட்டம், மேலுயரம், ஸீட் குழாயின் சாய்வு, முன்குழாயின் சாய்வு, போர்க்கின் நீளமும் அசைவும், சக்கரத்தின் அளவு, டயரின் அகலம், கிராங்க்கின் நீளம், ஸ்டெம்மின் நீளம், நிற்குமிடத்தில் மேற்குழாயின் உயரம். கட்டுபவர் குழாயை அறுக்குமுன் இவற்றைக் கொண்டு முழு அளவில் ஒரு படம் வரைந்து தருமாறு கேட்டு, அதனைத் தம் அளவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். காகிதத்தில் கண்ட பிழையை அழித்துத் திருத்தலாம். பற்றவைத்த குழாயில் கண்ட பிழையைத் திருத்த இயலாது.