மார்கழிக் குளிரும் கோழிகளின் உடல் வெப்பமும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பொட்டிப்புரம் போன்ற ஊர்களில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிர் சற்றுக் கடுமையாகவே இருக்கும். அந்நாட்களில் கோழி வளர்ப்போர் சிலர், கொட்டிலின் நான்கு புறமும் சாக்கு அல்லது பாலிதீன் தாளால் இறுக மூடிவிடுகின்றனர். இதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம். கோழி தன் உடலை எவ்வாறு சூடாக வைத்துக்கொள்கிறது என்பதை அறிந்தால் இதற்கான காரணம் விளங்கும்.

இறகே போர்வை

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 106 டிகிரி பாரன்ஹீட். நமக்கு இது கடுங்காய்ச்சல்! குளிர் கண்டதும் கோழி இறகுகளைச் சிலிர்த்துப் பருத்துக் காண்பதைப் பார்த்திருப்பீர்கள். இறகுகளுக்கிடையே அடைபடும் அசையாத காற்றுதான் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. வாலடிச் சுரப்பியிலுள்ள எண்ணெயை அலகால் எடுத்துத் தடவி, இறகு எளிதில் நனையாதபடியும் கோழி பார்த்துக்கொள்கிறது. இறகு நனைந்தாலோ, ஊதற்காற்று அதைக் கலைத்தாலோ இந்தப் போர்வை பயனற்றுப் போகும். கழுத்தில் இறகில்லாத இனக் கோழிகளும், இறகு உதிர்க்கும் பருவத்திலுள்ள கோழிகளும் குளிரை அதிகம் உணரும்.

பறவைகளின் கால்களில், கீழே செல்லும் சூடான இரத்தக் குழாயும் மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டியே செல்வதால், வெப்பம் பாதத்தில் வீணாகாமல் உடலுக்கே திரும்பிவிடுகிறது. இமயத்தைக் கடந்து திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்துகள், தம் சொந்த ஊரில் பனிக்கட்டி போன்ற நீரிலும் நிற்க முடிவது இதனால்தான்.

வெப்பத்தை உண்டாக்குவது தீவனம். குளிர்காலத்தில் கோழி கூடுதலாகத் தின்னும். அதைக் குறைத்தல் கூடாது. அடையும் நேரத்தில் ஒரு பிடி கம்போ சோளமோ மக்காச்சோளமோ இடுவது நல்லது. தீனிப்பை நிறைந்திருந்தால் இரவு முழுவதும் வெப்பம் கிடைக்கும்.

கொட்டிலை முழுவதும் மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் உள்ளேயே தங்கி, ஆழ்கூளம் நனைந்து அம்மோனியா வாடை கிளம்பும். கண்ணெரிச்சல், சளி, மூச்சுத்திணறல் எல்லாம் தொடரும். எனவே காற்று வீசும் பக்கத்தை மட்டும் கோழி அமரும் உயரத்திற்குச் சற்று மேல்வரை மறைத்து, மேற்பகுதியைத் திறந்தே விடவும். கட்டிதட்டிய கூளத்தைக் கிளறி, ஈரமானதை அப்புறப்படுத்தவும்.

குஞ்சுகளின் நிலை வேறு

குஞ்சுக்கு மெல்லிய தூவிதான் உண்டு. தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு முதல் இரண்டு, மூன்று வாரங்களில் போதாது. தாய்க்கோழி இல்லாவிட்டால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் அளித்து, பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது கணக்கு. 50 குஞ்சுகளுக்கு 60 வாட், 40 வாட் குண்டு பல்புகள் ஒவ்வொன்று போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தராது. சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகடோ அட்டையோ வைத்து, நெல் உமி அல்லது நிலக்கடலைத் தோலை 2 அங்குலம் பரப்பவும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகள் பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. பல்பைச் சற்று இறக்கவும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி ஓரத்திற்கு ஒதுங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்புறத்திலிருந்து காற்று புகுகிறது. அந்த இடுக்கைத் தேடி அடைக்கவும். இரவு ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் எழுந்து பார்த்தல் அவசியம். குவியலின் அடியில் சிக்கும் குஞ்சுகள் மூச்சடைத்து இறப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.