பாரம் குறைந்த சைக்கிள் டியூப்: கொடுக்கிற காசுக்குப் பெறுமா?

சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு டியூப் சின்னச் சாமான் இல்லை. பாதி வழியில் காத்துப் போய், பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான் விழும். 2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து நாடு முழுக்க ஆட்கள் சைக்கிளைத் தேடியபோது சைக்கிளும் அதன் சாமான்களும் எப்படி விலையேறின என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது சாதாரண டியூப்பை விடப் பல மடங்கு விலையில், "பாரமே இல்லை" என்று சொல்லி ஒரு வகை டியூப் விற்கப்படுகிறது. அது நமக்குத் தேவையா என்று பார்ப்போம்.

நமது சைக்கிளில் கிடப்பது பெரும்பாலும் பியூட்டில் என்ற செயற்கை ரப்பர் டியூப். 1937 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ரப்பர் இது. இயற்கை ரப்பரை விடப் பல மடங்கு நன்றாகக் காற்றைப் பிடித்து வைக்கும். பாரம் குறைந்ததில் இரண்டு வகை உண்டு. ஒன்று லேட்டெக்ஸ், அதாவது நம்மவர்கள் ரப்பர் தோட்டங்களில் வெட்டி எடுக்கிற அதே பாலில் செய்தது. 1876 இல் கம்பஹா ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளில் தொடங்கிய கதை அது. ஓடுவதற்கு இதமானது, ஆனால் காற்று நிற்காது. ஒவ்வொரு நாளும் பம்ப் அடிக்க வேண்டும். மற்றது பொலியுரேத்தேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக். பந்தயச் சைக்கிளுக்கு வருவது 30, 40 கிராம்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நமது பெரிய சைக்கிளின் டியூப் ஏறக்குறைய 200 கிராம். இரண்டு சில்லுக்கும் மெல்லியது போட்டால் முந்நூறு கிராமுக்குச் சற்றுக் கூடக் குறையும். அது உரித்த தேங்காயில் பாதி! கரியரில் ஒரு தேங்காயைக் குறைத்துக் கட்டினால் அதை விடக் கூட மிச்சம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்த முந்நூறு கிராம் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. "சுத்துற பாரம் வேற, கிடக்கிற பாரம் வேற" என்று சிலர் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அது நின்ற சைக்கிளைக் கிளப்பும்போதும் வேகம் கூட்டும்போதும் மட்டும். ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த வித்தியாசம் இல்லை.

குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மலைநாட்டில் ஏறுகிறவருக்காவது பாரத்தைப் பற்றிப் பேச நியாயம் உண்டு. இங்கே ஆளைக் களைக்க வைப்பது மணலும் தென்மேல் காற்றும். அந்தக் காற்றுக்காகத்தானே 2010 இல் மாம்புரியில் காற்றாலைகளை நிறுத்தினார்கள்! மெல்லிய டியூப் காற்றை ஒன்றும் செய்யாது.

வாங்குகிறவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நமது டயரில் 28 என்று இருக்கும். பந்தயச் சைக்கிள் சில்லையும் சிலர் 28 என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 40-635 போல ஒரு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 635 என்பது நமது பெரிய ரிம்மின் அளவு, மில்லிமீற்றரில். பந்தயச் சைக்கிளுக்கு 622. ஒல்லி டயருக்குச் செய்த டியூப்பைத் தடித்த டயருக்குள் போட்டால் அளவுக்கு மேல் இழுபட்டுப் போகும். அதன் வால்வும் பெரும்பாலும் ஒல்லி வால்வு. நமது ரிம் ஓட்டை பெரிசு, வால்வ் ஆடும். பழைய பம்பும் பிடிக்காது. பிளாஸ்டிக் டியூப்புக்குச் சாதாரண சொலூசன் ஒட்டாது, அதற்கென்று தனி ஒட்டு வேண்டும். சந்திக் கடை நானாவிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

ஆனால் அடிக்கடி காத்துப் போனால் டியூப்பை மட்டும் குறை சொல்லவும் கூடாது. ஓட்டை எங்கே என்று பார்த்தால் காரணம் தெரியும். டியூப்பின் வெளிப்பக்கம், அதாவது டயரைத் தொடுகிற பக்கம் ஓட்டை என்றால் நெருஞ்சி முள்ளோ ஆணியோ. ஒட்டிவிட்டுச் சும்மா திரும்பப் போட வேண்டாம், டயரின் உள்ளே பழந்துணியால் தடவிப் பாருங்கள். முள் இன்னும் அங்கேயே இருக்கும். உள்பக்கம், ரிம் பக்கம் ஓட்டை என்றால் கம்பி முனை குத்துகிறது, அல்லது உப்புக் காத்தில் ரிம் துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, ரிம் டேப் புதிசாகச் சுற்ற வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்தது போல இருந்தால் காற்றுக் குறைவு. பாரம் ஏற்றிக்கொண்டு கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசிந்திருக்கிறது. வால்வின் அடி கிழிந்தாலும் பெரும்பாலும் அதே குற்றம்தான். காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் நகர்ந்து வால்வைச் சரித்து இழுக்கும்.

இந்த நாலில் ஒன்றுக்காவது மெல்லிய டியூப் மருந்தாகாது. அந்தக் காசுக்குத் தடித்த பியூட்டில் டியூப் இரண்டு வாங்கலாம், மிச்சத்துக்கு ரிம் டேப்பும் ஒரு கைப்பம்பும் பார்க்கலாம். டயர் தேய்ந்து நூல் தெரிந்தால் எல்லாவற்றுக்கும் முதலில் டயர். பந்தயம் ஓடுகிற இளைஞர்கள் மெல்லியதை வாங்கட்டும். நொடிக் கணக்கில் ஓடுகிறவர்களுக்கு அது வேறு விஷயம்.

இரவில் காற்று இறங்கி, தண்ணீரில் அமுக்கிப் பார்த்தும் டியூப்பில் ஓட்டை தெரியாவிட்டால் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் குழாய் வெயிலில் இறுகி வெடித்திருக்கும். கடையில் மிகவும் மலிவான சாமான் அதுதான், இரண்டு துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.