போட்டி இல்லாத நாளில் ரோபோவுக்கு என்ன வேலை?



தாம்பரம் பக்கமிருந்து ரயிலில் வரும் நம் நண்பர்கள் எல்லாருக்கும் கொளவாய் ஏரியைத் தெரியும். செங்கல்பட்டு ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன்னால் ஜன்னலோரம் விரிந்து கிடக்கும். நம் மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்றுதான் பெயர். இந்த ஏரிகளுக்குத் தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் ஏரிக்கு வேலை நடப்பது எப்போது? கோடையில்! தூர் வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மதகைச் சரிபார்ப்பது எல்லாம் தண்ணீர் வற்றிய காலத்தில்தான். அந்தக் காலத்தில் ஊரே கூடிச் செய்த அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். மழை பிடித்த பிறகு மண்வெட்டியைத் தேடி என்ன பயன்?

ரோபோ அணியும் ஏரி மாதிரிதான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பதினோரு விநாடியில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதைக்கு முன்னால், இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நம்மைப் போன்றவர்களிடம் தொடங்கியது

ஜப்பானில் ‘கோசென்’ என்று ஒருவகைத் தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. பதினைந்து வயதில் சேர்ந்து ஐந்து வருஷம் படிக்க வேண்டும். ஏறக்குறைய நம் பாலிடெக்னிக் மாதிரி. அந்த மாணவர்களுக்காக என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனம் 1988-ல் ஒரு ரோபோ போட்டியைத் தொடங்கியது. அதற்கு வழிகாட்டியாக இருந்தவர் ரோபோ ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பேராசிரியர் மசாஹிரோ மோரி. பின்னர் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் இதைப் பல நாடுகளுக்கும் விரித்து, 2002-ல் டோக்கியோவில் முதல் சர்வதேச ‘ரோபோகான்’ போட்டியை நடத்தியது. நம் நாட்டில் தூர்தர்ஷன் இதை எடுத்து நடத்தியது. 2008-லும் 2014-லும் புனேயில், 2022-ல் புதுதில்லியில் என மூன்று முறை சர்வதேசப் போட்டியே இந்தியாவுக்கு வந்தது.

2022-ல் என்ன விளையாட்டு தெரியுமா? லகோரி! வேறொன்றுமில்லை, நாம் தெருவில் ஆடிய ஏழு கல்தான். பந்தை எறிந்து கல் அடுக்கைச் சரிக்க வேண்டும், எதிராளி பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்க வேண்டும். ரோபோவுக்கு ஏழு கல்லுக்குப் பதில் ஐந்து வட்டத் துண்டுகள். பந்து எறிய ஒரு ரோபோ, அடுக்க ஒரு ரோபோ. நாம் ஐந்தாம் வகுப்பில் யோசிக்காமல் செய்ததை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால்தான் அதிலுள்ள கணக்கு எத்தனை என்று புரிகிறது.

எங்கள் அணி தேசியப் போட்டிக்குப் போனதில்லை. அந்த விதிகளைப் பார்த்து, பந்து எறியும் ரோபோ ஒன்றை நாங்களே செய்து, பக்கத்துக் கல்லூரிகளின் விழாப் போட்டிகளில் கலந்துகொள்வோம். ஆனால் ரோபோகான் விதியில் பல்கலைக்கழகம், கல்லூரி என்பதோடு பாலிடெக்னிக் என்ற சொல்லும் இருக்கிறது என்பதை நம் தம்பி, தங்கைகள் மறக்க வேண்டாம்.

பதினோரு விநாடி

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது இது. கோடை விடுமுறையில் லேப் பூட்டியிருக்கும் என்பதால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் அணித் தோழன் ஒருவனின் வீட்டுக்கு ரோபோவை எடுத்துப் போனோம். தினமும் பயிற்சி செய்வதாகத் திட்டம். நான்கு நாள் செய்தோம். பிறகு ஆளுக்கொரு வேலை. ரோபோ தார்ப்பாய்க்குள் இரண்டு மாதம் தூங்கியது.

அடுத்த போட்டிக்கு அவசர அவசரமாகத் தூசி தட்டி எடுத்துப் போனோம். மணி அடித்தது. ரோபோ கிளம்பியது, ஒரு பந்தை எறிந்தது, நின்றுவிட்டது. பதினோரு விநாடி! எந்த வயர் எங்கே போகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வயரிங் செய்த சீனியர் அண்ணன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். ஷிப்டில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. மலிவாகக் கிடைத்தது என்று ரிச்சி தெருவில் ஒரே ரோல் வாங்கியிருந்ததால் எல்லா வயரும் சிவப்பு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலை நிமிர முடியவில்லை.

திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால், கனெக்டருக்குள் பச்சைப் பசேலென்று களிம்பு. தோழனின் அப்பா கடலுக்குப் போகிறவர். பார்த்ததும் சொன்னார்: “கடலுக்குப் போயிட்டு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணி வுட்டுக் கழுவுவோம் தம்பி. நீங்க தார்ப்பாயைப் போட்டு மூடிட்டுப் போயிட்டீங்க. உப்பு உள்ளயே குந்திக்கினு தின்னுடுச்சு.”

அன்றுதான் எங்கள் குடிமராமத்து தொடங்கியது. அதில் கற்ற பாடங்கள் மூன்று.

முதல் பாடம்: உப்புக் காற்று

அலுமினியச் சட்டத்தில் இரும்பு போல்ட் போடுகிறோம். நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பாட்டரி ஆகிவிடுகிறது. இதில் கரைவது அலுமினியம். தாமிரக் கனெக்டரில் களிம்பு ஏறினால் மின்தடை கூடும், மோட்டார் இழுக்கும் நேரத்தில் அங்கே சூடாகி இணைப்பு அறுபடும். ஆகவே போட்டி முடிந்ததும் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, செயினுக்கு கிரீஸ் போட வேண்டும். எலக்ட்ரானிக் போர்டுகளைக் கழற்றி, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைக்கும்.

இரண்டாம் பாடம்: பாட்டரி

லித்தியம் பாலிமர் பாட்டரியை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தால் கெடும். காலியாக வைத்தாலும் கெடும். செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பதே நல்லது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட். ஆட்டத்தின் நடுவில் அது 3.7-க்கு இறங்கினால் 12 சதவீதம் குறைவு. உருளையின் வேகமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஆனால் பந்து போய் விழும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது! 0.88 பெருக்கல் 0.88 என்றால் சுமார் 0.77. ஐந்து மீட்டர் போக வேண்டிய பந்து 3.9 மீட்டரில் விழுகிறது. “குறி சரியா இல்லடா” என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோமே, குறியில் தவறே இல்லை! உருளையில் என்கோடர் பொருத்தி, வேகம் குறைந்தால் மோட்டாருக்குப் போகும் சக்தியைத் தானாகக் கூட்டும்படி புரோகிராம் எழுதினோம். போட்டி நெருக்கத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம்? ஓய்வுக் காலத்தில்தான் முடிந்தது.

மூன்றாம் பாடம்: நோட்டுப் புத்தகம்

சென்ற கோடையில் முதலாண்டுத் தம்பிகளை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். பஞ்ச ரதங்களைச் சுற்றி வந்தோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையிலேயே செதுக்கியவை. தர்மராஜ ரதத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். மேல் தளங்கள் நுணுக்கமாக முடிந்திருக்கின்றன. கீழ்ப்பகுதி முடியாமல் நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வேலை ஏன் பாதியில் நின்றது என்பதற்கு அந்தக் கல்லில் குறிப்பு இல்லை. ஒரு தம்பி மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, நம்ம வயரிங்கும் இப்படித்தானே?” எல்லாரும் சிரித்தோம். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலிடெக்னிக் படிப்பு மூன்றே வருஷம். ஒருவன் கற்றுத் தேறும்போது வெளியே போகும் நாள் வந்துவிடுகிறது. அவனோடு அவன் கைப்பழக்கமும் போனால், அடுத்த அணி மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஒரு நீள நோட்டு வாங்கினோம். எந்த நிற வயர் எங்கே, எந்த போல்ட் எத்தனை நாளில் தளர்ந்தது, எது உடைந்தது, ஏன் உடைந்தது என எல்லாம் தேதி போட்டு எழுதினோம். வெற்றியை ஒரு வரியிலும் தோல்வியை ஒரு பக்கத்திலும் எழுத வேண்டும் என்பது எங்கள் சட்டம். முதல் பக்கத்தில் அந்தப் பதினோரு விநாடி இருக்கிறது.

இந்த ஆண்டு

இந்த ஆண்டுப் போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றோம். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் முதல் சுற்றுக்கு முன் ரோபோவின் இடது சக்கரம் சுற்றவில்லை. நான் கையை வைக்கப் போனேன். முதலாண்டுத் தம்பி, “இருங்கண்ணா, நோட்டுல இருக்கு” என்று பக்கத்தைப் புரட்டினான். நான்கு நிமிஷத்தில் சக்கரம் சுற்றியது. இறுதி மணி அடிக்கும்வரை இரண்டு சுற்றிலும் ரோபோ நிற்கவே இல்லை.

வரும் ஜூனில் நான் இங்கே இருக்க மாட்டேன். நோட்டு லேப் அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. கடைசி முப்பது பக்கம் காலி. லீவு விடுவதற்கு முன் பாட்டரியைக் கழற்றி வையுங்கள், தம்பிகளே. தார்ப்பாய் மட்டும் வேண்டாம்!