டர்போ காருக்கு ரீமேப் செய்யும் முன்

டர்போ பெட்ரோல் காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் மென்பொருளை மாற்றும் ரீமேப், டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி, தீப்பொறி நேரத்தையும் முன்தள்ளுகிறது. தரம் குறைந்த பெட்ரோலுக்கும் கடும் வெயிலுக்குமாகத் தயாரிப்பாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளி இதனால் சுருங்கும். அம்பத்தூர், ஆவடி நெரிசலில் மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பதுதான் பெரிய ஆபத்து. தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டால் பிஸ்டன் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் முன் கீழ் கியருக்கு இறங்க வேண்டும். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்புக்கு 91 பெட்ரோல் போதாது. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓட்டுபவர்கள் எஞ்சின் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுவது நல்லது. ரீமேப் செய்த காரில் எஞ்சின் சேதத்துக்கு வாரண்டி மறுக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.