கடிகாரத்தை விடு, பந்தை எண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஸ்டிச் பாலில் பத்து ஓவர். ஞாயிறன்று சிதம்பரத்தில் பொங்கல் போட்டி, டென்னிஸ் பந்தில் ஒரே நாளில் மூன்று ஆட்டம். அம்பயர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டியதால்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறாய். பாவம், அம்பயரை விடு.

இதே வழக்கு அமெரிக்க பேஸ்பாலிலும் நடந்தது. 2023இல் மேஜர் லீக்கில் பந்தெறிபவருக்குக் கடிகாரம் வைத்தார்கள். தளங்களில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20. அடுத்த ஆண்டே 20ஐ 18 ஆக்கினார்கள். இப்படி ஓய்வு நேரம் குறைவது பந்தெறிபவரின் உடம்புக்கு ஆபத்து என்றது ஆட்டக்காரர் சங்கம்; லீக் மறுத்தது. 2024 டிசம்பரில் லீக் வெளியிட்ட அறிக்கை, வேக வெறியையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில் எறிவதையும் முதன்மையாகச் சொன்னது. தன் விதிக்குத் தானே சாட்சியா என்று நீ கேட்கலாம். ஆனால் காயங்கள் பெருகியது கடிகாரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே.

நம் ஆட்டத்தில் 2024 ஜூன் முதல், சர்வதேச ஒருநாள், டி20 போட்டிகளில் ஓர் ஓவர் முடிந்த 60 விநாடிக்குள் அடுத்தது தொடங்க வேண்டும். மூன்றாம் முறை மீறினால் 5 ரன் போகும். ஓவர் போட்டவனே அடுத்ததையும் போட முடியாது என்பதால், அந்த அவசரம் கேப்டனுடையது. உனக்கு மூச்சு திரும்புவது ரன்-அப் முனைக்கு நடந்து போகும்போது. அந்த நடையைக் குறைக்காதே. நேரம் மிச்சமாக வேண்டுமா, ஃபீல்டிங்கை ஓவருக்கு முன்பே பேசி முடித்துவிடு.

வேகப்பந்து போடுகிறவனுக்கு முழங்கையைவிட முதுகில்தான் ஆபத்து அதிகம். முன்கால் ஊன்றும் நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. உன் வயதில் எலும்பு முழுதாக முற்றியிருக்காது. கீழ்முதுகில் மயிரிழை விரிசல் விழும், பெரும்பாலும் போடும் கைக்கு எதிர்ப்பக்கம். 2004 பாகிஸ்தான் பயணத்தில் கொண்டாடப்பட்ட நம் லட்சுமிபதி பாலாஜியை ஆண்டுக்கணக்கில் ஆடவிடாமல் செய்தது முதுகு எலும்பு முறிவுதான். ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு வந்துதான் 2008இல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார்.

இப்போது உன் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானமெல்லாம் தண்ணீர். இரண்டு மாதம் பந்தே போடவில்லை. பொங்கல் வந்ததும் இரண்டே நாளில் மொத்தமாகக் கொட்டினாய். உடம்பு தாங்காதது இந்தத் திடீர் ஏற்றத்தைத்தான். டென்னிஸ் பந்து லேசுதானே என்று ஏமாறாதே. பந்துக்குத்தான் எடை குறைவு, முன்கால் ஊன்றும் வேகம் அதேதான்.

ஒரு நோட்டு போடு. வலைப்பயிற்சி, ஸ்டிச் பால், டென்னிஸ் பந்து என எல்லாப் பந்தையும் எழுது. பவுண்டரியிலிருந்து எறிவதையும் சேர்த்துக்கொள். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்து பார். ஒரு பக்கம் சுருக்கென்றால் பந்தைத் தொடாமல் எலும்பு மருத்துவரிடம் போ. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி போகாவிட்டால் எம்ஆர்ஐ கேள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேக்குத் தப்பிவிடும்.

அடுத்த முறை மூன்றாவது ஆட்டத்துக்குக் கேப்டன் பந்தை நீட்டினால், நோட்டைக் காட்டி மறுத்துவிடு. கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும். கோப்பை அடுத்த பொங்கலுக்கும் வரும்.

அன்புடன்,
அண்ணன்