வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

மூளை, நரம்பு: வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறாள். அல்சைமர் நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நூறு வருஷத்துக்கு மேல் தேடியும் குணப்படுத்தும் மருந்து கிடைக்காத நோயாமே? அதில் போய் ஆயுசு முழுக்க உழைத்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? பேங்க் பரீட்சை எழுதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.
— ஒரு தகப்பனார், விருதுநகர்

பதில்: பேங்க் வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகை அப்படி வராது. ஆறு மாசம் இழுத்தடித்து மொத்தமாக வந்த கதைகள் எனக்குத் தெரியும். ஆனால் ‘கடைசியில் என்ன மிஞ்சும்’ என்று கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. ஒரே ஒருவரின் நாற்பது வருஷத்தைச் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாடு. அங்கே அந்தியோக்கியா என்ற மலைப்பிரதேசம், அதன் தலைநகர் மெடெயீன். நான் சொல்லவந்த பிரான்சிஸ்கோ லோபேரா அங்கேதான் மருத்துவம் படித்தார். 1980-களின் தொடக்கத்தில் நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, பெல்மீரா என்ற சிற்றூரிலிருந்து 47 வயது ஆள் ஒருவரை அவரிடம் அழைத்து வந்தார்கள். முதியவர்களுக்கு வருகிற மறதி அந்த வயதிலேயே அவருக்கு முற்றியிருந்தது. லோபேரா எல்லா டாக்டர்களும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்: வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

எங்கள் புறநோயாளிப் பிரிவில் இதற்கு விடை, கேஸ் ஷீட்டில் ஒரு வரி. எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். வெளியே நிற்கிற கூட்டம் அப்படி. அந்த வீட்டார் சொன்ன பதிலோ ஒரு வரியில் அடங்கவில்லை. அப்பாவுக்கு இருந்ததாம், தாத்தாவுக்கு இருந்ததாம், கூடப்பிறந்தவர்களிலும் தொடங்கிவிட்டதாம். லோபேரா கிளம்பி அந்த ஊருக்கே போய்விட்டார்.

வம்சாவளிப் படம் வரைவது எங்கள் படிப்பில் முதல் பாடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவரென்றால் உள்ளே கறுப்பு. நம் ஊரில் மூன்று தலைமுறை வரைந்தாலே பெரிய காரியம். லோபேரா குழுவினர் மாதாகோயில்களின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளைப் புரட்டி 18-ஆம் நூற்றாண்டுவரை போனார்கள். யாருமால், அங்கோஸ்துரா என்று வேறு வேறு ஊர்களில் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் வரைபடத்தில் மேலே போகப்போக ஒரே வேரில் போய் முட்டின. சுமார் 25 பெருங்குடும்பங்கள், ஏறத்தாழ 6,000 பேர். ஊரார் அதுவரை அதைச் சாபம் என்றும் சூனியம் என்றும் சொல்லி வந்தார்கள். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்றுகூட நம்பியவர்கள் உண்டு.

அது எந்தக் காலம் என்பதையும் பாருங்கள். மெடெயீனில் போதைப்பொருள் கும்பல்கள் கோலோச்சிய காலம், மலைப்பாதைகளில் கொரில்லாக்களும் துணைராணுவத்தினரும் இருந்த காலம். ரத்தம் எடுக்கப் போன குழுவின் செவிலியர் ஒருவரைக் கொரில்லாக்கள் பிடித்து வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அவரும் வேலையை விடவில்லை, குழுவும் கலையவில்லை.

1992-இல் போகோதாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த ஹார்வர்டு விஞ்ஞானி கென்னத் கோசிக்கிடம் லோபேரா இந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். இருவரும் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். 1995-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பீட்டர் செயின்ட் ஜார்ஜ்-ஹிஸ்லாப் குழுவினர் 14-ஆம் குரோமோசோமில் பிரசெனிலின்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தியோக்கியாக் குடும்பங்களின் கோளாறும் அதே மரபணுவில்தான் இருந்தது. அது உண்டாக்கும் புரதத்தில் 280-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். உங்கள் மகள் உயிர்வேதியியல் படிப்பதால் அவளுக்கு இது உடனே புரியும். உங்களுக்காகச் சொல்கிறேன்: மூளைச் செல்லின் மேலுறையில் நீண்ட புரதமொன்றை வெட்டுகிற நொதி இருக்கிறது. பிரசெனிலின் அதன் வெட்டும் பகுதி. இந்தக் குடும்பத்தாருக்கு அது இடம் தவறி வெட்டுகிறது. அதில் விழுகிற அமிலாய்டு துண்டுகள் சற்று நீளமானவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகப் படிகின்றன. பிறகு செல்லுக்கு உள்ளே டௌ என்ற இன்னொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. செல் சாகிறது.

பெற்றோரில் ஒருவரிடம் இந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. கோளாறு வந்துசேர்ந்த பிள்ளைகளுக்கு 44 வயதையொட்டி நினைவு தடுமாறும், 49 வயதையொட்டி முழு மறதிநோயாகும். ஸ்கேன் செய்து பார்த்தால், 28 வயதிலேயே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. அதாவது, நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பதினைந்து வருஷத்துக்கும் மேலாக மூளைக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. இன்று உலகம் முழுக்க ‘அறிகுறி வருமுன்பே மருந்து கொடு’ என்கிறார்களே, அந்த எண்ணத்துக்கு உரம் போட்டதில் இந்த மலைக்கிராமத்து ஜனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியில் மிஞ்சுவது இதுதான். இனி மகளுக்கு வழி: எம்.எஸ்ஸி.க்கு ஜாம் தேர்வு எழுதட்டும். பிறகு ஆராய்ச்சிக்கு நெட் அல்லது கேட். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் பக்கம் ஸ்ரீனிவாசபுரா வட்டாரக் கிராமத்து மக்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பரிசோதிக்கிறது. நிம்ஹான்ஸ் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. பேங்க் பரீட்சையையும் ஒருமுறை எழுதி வைக்கட்டுமே, தப்பில்லை.

கேள்வி: கொலம்பியாவில் கோடிக்கணக்கில் செலவு செய்து நடத்திய அல்சைமர் மருந்துச் சோதனை தோற்றுவிட்டதாகப் படித்தேன். பிறகு எதற்கு இதையெல்லாம் சாதனை என்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாரூர்

பதில்: சார், தோற்றது உண்மை. 2013-இல் தொடங்கிய சோதனை அது. மருந்தின் பெயர் கிரெனெசுமாப். லோபேராவின் குழுவும் அமெரிக்காவின் பேனர் அல்சைமர் நிறுவனமும் மருந்துக் கம்பெனியும் சேர்ந்து நடத்தின. 252 பேர் பங்கேற்றார்கள். 2022 ஜூனில் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் எதுவுமில்லை.

அந்த 252 பேரில் கோளாறு இல்லாதவர்களையும் வேண்டுமென்றே சேர்த்திருந்தார்கள், ஏன் தெரியுமா? கோளாறு உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால், ஊசி போட்டுக்கொள்ள அழைத்ததுமே ‘எனக்கு வரப்போகிறது’ என்று தெரிந்துவிடும். அதனால் இல்லாதவர்களும் வருஷக்கணக்கில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெற்று ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் தம்பிக்காக, அத்தை பிள்ளைக்காக. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் கடைசிவரை விலகவில்லை. கொரோனா வந்தும்கூட. சர்க்கரைக்கு மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒன்றை மறந்துவிட்டு வருகிற நோயாளிகளையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்தக் கணக்கு இன்னும் பிரமிப்புதான்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மருந்து தேடிய அதே குடும்பங்களில்தான் அலீரியா ரோசா பியெத்ராஹிதா என்ற பெண்மணியைக் கண்டார்கள். அவருக்குக் கோளாறு இருந்தது. 44-இல் வரவேண்டிய தடுமாற்றம் எழுபது வயது தாண்டும்வரை வரவில்லை. பாஸ்டன் நகருக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் அமிலாய்டு குவிந்து கிடந்தது. டௌ மட்டும் சொற்பம். காரணம் தேடினால், அப்போஈ என்ற இன்னொரு மரபணுவில் அபூர்வமான ஒரு மாற்றம், தாய்வழி தந்தைவழி இரண்டிலும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் முதலில் கண்டறிந்ததால் அதற்கு அந்த ஊர்ப் பெயர். 2019-இல் இதை வெளியிட்டவர்களில் யாக்கீல் கிரோஸ், ஹோசே ஆர்போலேதா-வெலாஸ்கெஸ் இருவருமே கொலம்பியாக்காரர்கள். 2023-இல் அதே குடும்பங்களில் இன்னொருவர். 67 வயதுவரை தெளிவாக இருந்திருக்கிறார். அவரைக் காத்தது ரீலின் என்ற வேறொரு மரபணு.

அமிலாய்டு படிந்தாலும் மூளை பிழைக்கலாம், டௌவைத் தடுக்க வழியிருக்கிறது என்பதை இந்த இருவரும் காட்டிவிட்டார்கள். கிறைஸ்ட்சர்ச் மாற்றம் செய்கிற வேலையைச் செய்யும் மருந்தை உண்டாக்க இப்போது முயல்கிறார்கள். பலிக்குமா என்பது வேறு விஷயம். என் கணக்கில் லோபேராவின் சாதனை, நாற்பது வருஷம் ஒரே குடும்பங்களோடு உறவு முறியாமல் இருந்தது. அந்த உறவு இல்லாவிட்டால் அலீரியா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டியாகவே இருந்திருப்பார். நோயில்லாதவரை எந்த டாக்டர் தேடிப்போவார்?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு 45. ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்? போன வாரம் ஸ்கூட்டி சாவியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சாவி எல்லோருக்கும் தொலைகிறது அம்மா. சாவி கையில் இருந்தும் அது எதற்கு என்று தெரியாமல் போனால் டாக்டரிடம் வாருங்கள்.

கொலம்பியாக் குடும்பங்களைப் போல ஒற்றை மரபணுவால் நேராக வருவது உலகத்து அல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டி வந்திருக்கிறது. உங்கள் ரிஸ்க் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தபாலில் எச்சில் அனுப்பிச் செய்துகொள்கிற பரிசோதனை, ரிஸ்க்கைக் கூட்டுகிற அப்போஈ-4 என்ற மரபணு வகை இருக்கிறது என்று சொல்லலாம். அது இருந்தும் நோயே வராதவர்கள் ஏராளம், இல்லாமலே வந்தவர்களும் ஏராளம். தெரிந்துகொண்டு பதறுவதைத் தவிர இன்றைக்கு நீங்கள் வேறென்ன செய்யப்போகிறீர்கள்? அந்தப் பணத்துக்கு பி.பி., சர்க்கரை, கொழுப்பு, காது நான்கையும் சோதித்துக்கொள்ளுங்கள். காது மந்தம் மறதிநோய் ரிஸ்க்கைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு அறுபதுக்கு முன்பே வந்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போதும் முதலில் மரபியல் ஆலோசகர், அப்புறம்தான் ரத்தம்.

கேள்வி: வயது 81. கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூளையையும் கொடுக்கலாமா? என் போன்ற கிழவனின் மூளையை வைத்து என்ன செய்வார்கள்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம் ஐயா. நல்ல நினைவோடு 81 வரை வந்த மூளைக்குத்தான் கிராக்கி. நோயுற்றதை ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது. மெடெயீனில் இப்படி நூற்றுக்கணக்கான மூளைகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பாதியை ஃபார்மலினில் போடுவார்கள், மறுபாதியைத் துண்டுகளாக்கி மைனஸ் 80 டிகிரி குளிரில் உறையவைப்பார்கள். நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸில் மூளைத் திசு வங்கி இருக்கிறது. சிக்கல் ஒன்றுதான்: உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் தூரம். அதனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, உங்கள் ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள வழியுண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முகம் சிதையாது, சடங்குக்குத் தடையிராது என்பதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து நீங்களே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர் நீங்களாக இருந்தாலும், அன்றைக்கு போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.